ஜெனிஸ்டன் போட்ட பதில்கள்

துண்டு என்ன டிக்கெட்டா எடுத்திருக்கு? நீங்களே சொல்லுங்கக்கா. ஆளு கீழ நின்னு டீ குடிக்காரு, துண்டு இங்க ஜம்முன்னு ஜன்னலோரமா உக்காந்திருக்கு. எடுத்துக் கம்பியில போட்டுட்டு உக்காந்தேன். தப்பா? அதுக்கு அந்த மனுசன் "பொட்டப் பிள்ளைக்கு இவ்ளோ வாயா"ங்காரு. ஆளு இல்லாத எடத்துல துணி இருந்தா அது ஆளா ஆயிருமான்னு கேட்டேன். அந்தா, முறைச்சுக்கிட்டு நிக்காரு பாருங்க. நிக்கட்டும்.

நீங்க பெட்டிய இப்படி என் கால்பக்கம் தள்ளிக்கோங்க. மீன் வாடையா? அதெல்லாம் ஒண்ணுமில்ல, காலிப் பெட்டி தானே. வித்துட்டு ஊருக்குத் திரும்புதீங்களாக்கும். நான் கடம்பத்துறை போறேன். கடைசி ஸ்டாப்பு தானே? நல்லதாப் போச்சு. எனக்கு அந்த ஊரு தெரியாது. கோவில்பட்டி நானு. கடலப் பாத்தே நாலு தடவ தான் இருக்கும். இங்க எஞ்சினியரிங் காலேஜ்ல கடைசி வருஷம். பேரு செண்பகவல்லி.

சொந்தக்காரங்க வீட்டுக்கா? நல்லாச் சொன்னீங்க. ஒருத்தன் சட்டையப் பிடிக்கப் போறேங்கா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எனக்கு வைவா. புராஜெக்டக் காட்டி, கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லணும். பாஸானாத்தான் டிகிரி, டிகிரி இருந்தாத்தான் வேலை. கிளாஸ்ல அம்பத்தெட்டு பேர்ல அந்தக் கம்பெனி எடுத்தது என்னை ஒருத்திய மட்டும். அரியர் ஒண்ணு விழுந்தாலும் ஆர்டர் செல்லாதுன்னு எழுதியே குடுத்திருக்கான். அந்த வைவா இப்ப ஒருத்தன் கையில தொங்குது. அவன் ஃபோன எடுக்க மாட்டேங்கான். மூணு வாரமா எடுக்க மாட்டேங்கான். அதான் நேர்லயே போறேன்.

புராஜெக்டா? சொன்னா உங்களுக்கே பிடிக்கும். ஒருத்தர பாம்பு கடிச்சிருச்சுன்னு வைங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில மருந்து இருப்பு இருக்குன்னு ஃபோன்லயே பாத்திரலாம். அங்க போயி "இங்க இல்ல, அங்க போ"ன்னு அலைய வேண்டாம். இதுல ஃபோன்ல தெரியுற பகுதி பூரா நான் எழுதணும். எந்த ஆஸ்பத்திரில எத்தன குப்பி இருக்குன்னு வாங்கி வச்சிருந்து, கேட்டா பதில் சொல்லுற சர்வர அவன் எழுதணும். நான் கேள்வி, அவன் பதில். அவ்ளோதான் வேலை.

நான் டிசம்பர்லயே என் வேலைய முடிச்சிட்டேன். இவன் என்ன பண்ணான் தெரியுமா? ஊர் சுத்துனான். நெசமாத்தாங்கா. சர்வர் எழுதுடான்னா ஒரு ஓட்ட பைக்க எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமாப் போயி, அங்க மருந்து குடுக்கிறவங்ககூட உக்காந்து டீ குடிச்சிட்டு வாரான். பதினோரு ஆஸ்பத்திரி. கேட்டா, "வல்லி, அவங்க தினம் டைப் பண்ணாத்தான சர்வருக்குத் தெரியும், அவங்க மனசு வச்சாத்தான நடக்கும்"ங்கான். இது எஞ்சினியர் பேசுற பேச்சாக்கா? ஓட்டுக் கேக்கப் போனவன் பேசுற பேச்சு.

எப்படியோ ஜனவரில ஒரு வாரம் ஓட்டுனான். அவன் லேப்டாப்லயே. ஓடுச்சு, பொய் சொல்லக் கூடாது. பதினோரு ஆஸ்பத்திரியும் பதில் சொல்லுச்சு. பிப்ரவரி தொடக்கத்துல ஒரு நாள் திடீர்னு ஊருக்குப் போறேன்னு போனான். லேப்டாப்பும் போச்சு, சர்வரும் போச்சு. எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான், நாலு நிமிஷம். நாலு நிமிஷம் எவ உக்காந்து கேப்பா? அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாதா? வீட்ல வேலை, கோயில் திருநா, ரெண்டு நாள்ல வந்துருதேன். இந்த மூணையும் இழுத்து இழுத்துச் சொன்னா நாலு நிமிஷம் ஆயிரும். நான் தொறக்கவே இல்ல.

ஆளு இல்லன்னு அழுதுக்கிட்டு இருக்கிற ஆளு நான் இல்லக்கா. எங்க படிப்புல இதுக்கு ஒரு வழி இருக்கு. நம்ம எழுதினது சரியா வேலை பாக்குதான்னு சோதிக்கணும், ஆனா எதிர்ல பதில் சொல்ல வேண்டிய சர்வர் இன்னும் வரல. அப்ப அது மாதிரியே பதில் சொல்லுற டம்மி ஒண்ண நாமளே எழுதி எதிர்ல வச்சுக்கிடுவோம். புரியலையா? கல்யாண வீட்ல மாப்பிள்ள வர நேரமாச்சுன்னா, லைட்டு சரியா விழுதான்னு பாக்க வீடியோக்காரன் வேற எவனையாவது பிடிச்சு மாப்பிள்ள நாற்காலில உக்கார வைப்பான்ல? அதான் டம்மி.

ஏன் சிரிக்கீங்க? "அவன் கையிலயே தாலிய எடுத்துக் குடுத்துட்டியாக்கும்"னா... நல்லா வாயிக்கா உங்களுக்கு. எனக்கு மேல இருப்பீங்க போல.

ஆமா, குடுத்தேன். வேற என்ன செய்ய? அந்த ஒரு வாரம் அவன் சர்வர் சொன்ன பதில் பூராத்தையும் நான் சேமிச்சு வச்சிருந்தேன். அத அப்படியே திருப்பிச் சொல்லுற மாதிரி டம்மிய எழுதினேன். முள்ளிக்குளம் ஆஸ்பத்திரின்னு கேட்டா ஆறு குப்பி. எப்பக் கேட்டாலும் ஆறு. பத்துல ஒரு தடவ பதில் சொல்லாம மக்கர் பண்ணும், அதையும் நான் தான் வச்சேன். அவன் சர்வரும் அப்படித்தான் மக்கர் பண்ணும், எல்லாம் சரியா இருந்தா சந்தேகம் வருமுல்லா? ரெண்டு ரிவ்யூ. எங்க கைடு குருபாதம் சார் முன்னாடியே வச்சுக் காட்டினேன். அவரால கண்டுபிடிக்க முடியல. "ஜெனிஸ்"... அவன் பேரச் சொல்லி, "பையன் சர்வர் நல்லாப் பண்ணியிருக்கான்"னு அவனுக்கு என்னவிட ரெண்டு மார்க் கூடப் போட்டாரு! என் டம்மிக்கு! நான் எழுதினதுக்கு, அவனுக்கு! வயிறு எரியுமா எரியாதா?

இப்ப முள்ளிக்குளத்துல மருந்து இருக்கா இல்லையாவா? எனக்கு எப்படிக்கா தெரியும்? அது ஜனவரில இருந்த கணக்கு. அய்ய, அது முக்கியம் இல்ல, இது சோதனைக்கு மட்டும் தான். கடி வாங்கினவன் யாரும் இதப் பாத்துப் போகப் போறதில்ல. நீங்க ஏன் அங்கயே நிக்கீங்க?

கதைக்கு வாரேன். நாளைக்குக் கேள்வி கேக்க வெளிக் காலேஜ்ல இருந்து ஒரு எக்ஸ்டர்னல் வாராரு. அவரு ஒரு மாதிரியாம். நம்ம காட்டுறதப் பாக்க மாட்டாராம். அவரே அந்தச் சர்வர்ல ஒரு புது எண்ணிக்கையப் போட்டு, அது ஃபோன்ல வருதான்னு பாப்பாராம். டம்மிக்குப் புதுசு தெரியாதுக்கா. கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது தான தெரியும்? ஆறுன்னா ஆறு. அவரு தொண்ணூறு போட்டாலும் ஆறு. அங்க மாட்டினேன். குருபாதம் சார்ட்ட கேட்டா, "அவன் வந்தாலும் வராட்டாலும் உன் பாடு"ங்காரு. அவன் ஏன் வராம இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல.

கிளாஸ்ல யாரும் சொல்லலையாவா? நான் எவகிட்டயும் பேசுறதில்ல. எல்லாம் ஒரு மாதிரி. நான் வாயத் தொறந்தாலே சண்டைங்காளுக. நான் கேள்வி தாங்கா கேப்பேன். கேள்வி கேட்டா சண்டையா?

இன்னொண்ணு சொன்னா நீங்க அசந்துருவீங்க. சர்வருக்கு மட்டும் இல்ல, அவனுக்கே நான் டம்மி செஞ்சேன்.

குருபாதம் சார் வாரா வாரம் மெயில் போடுவாரு, வேலை எந்த அளவுல இருக்குன்னு. ரெண்டு பேரும் தனித்தனியாப் பதில் போடணும். ஒருத்தன் போடலன்னாலும் ரெண்டு பேருக்கும் மார்க் வெட்டு. இவன் ஊருக்குப் போனதுல இருந்து ரெண்டு வாரம் போடல. எனக்கும் சேத்து வெட்டு. நான் ஏன் வெட்டு வாங்கணும்? சர்வருக்காக அவன் மெயில் பாஸ்வேர்ட எனக்குக் குடுத்து வச்சிருந்தான். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டேன். சார்ட்ட இருந்து அவனுக்கு எந்த மெயில் வந்தாலும், நாப்பது நிமிஷம் கழிச்சு அதுவாப் பதில் போட்டுரும். ஏன் நாப்பதுன்னா, உடனே போட்டா மெஷினுன்னு தெரிஞ்சிருமுல்லா. பதில் ஆறு எழுதி வச்சேன், மாத்தி மாத்திப் போகும். "எஸ் சார்!! ஒர்க் கோயிங் ஆன் வெல் சார்!! மண்டே முடிச்சிருவேன் சார்!!" அவன் எப்பவுமே ரெண்டு ஆச்சரியக்குறி தான் போடுவான், அதுலகூட ஒரு குறை வைக்கல நானு. எழுத்துப்பிழையும் அவன் விடுற மாதிரியே விட்டேன். சார் மெயில் வந்த உடனே தானா ஒரு மூலைல போயி ஒளிஞ்சுக்கிடும், போட்ட பதிலும் அங்கயே போயிரும். அவன் கண்ணுல படாது. பட்டா அவனும் ஒரு பதில் போட்டுத் தொலைப்பான், ரெண்டும் ரெண்டு விதமா இருக்கும்.

ஒரு தடவ சார் முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டு என்கிட்டயே சொன்னாரு, "பையன் இப்பல்லாம் ஒழுங்காப் பதில் போடுதான், திருந்திட்டான்"னு. நான் எப்படிச் சிரிப்ப அடக்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் நான் செஞ்சிருக்கேன் அவனுக்கு. அதுக்கு அவன் செஞ்ச நன்றி என்ன? மூணு வாரத்துக்கு முன்ன காலேஜுக்கு வந்திருக்கான். ரெண்டு பொம்பளைங்க கூட. நான் லேப் ஜன்னல்ல இருந்து பாக்கேன், ஆபீஸ் படியில இறங்கிப் போறான். நிமிந்து என்னப் பாத்தான்கா. பாத்துட்டு அப்படியே போயிட்டான். ஒரு ஏன்னு இல்ல, எதுக்குன்னு இல்ல. அதுவரைக்கும் டம்மி ஓடுதேன்னு நானும் அவனக் கூப்பிடல, அன்னைல இருந்து கூப்பிட்டா ஃபோனும் எடுக்கல. அப்படி என்ன திமிரு?

பேரா? ஜெனிஸ்டன். ஏங்கா?

உங்க தெருவா? சரியாப் போச்சு, வீட்டக் காட்டிருங்க... என்ன?

நீங்களா? அந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க நீங்களா? மத்தது அவங்க அம்மாவா? எதுக்கு வந்தீங்க? ஏன் அதட்டுதீங்க, கேக்கத்தான செய்யுதேன்.

கையா? அவங்க அப்பாவுக்கா?

படகு எஞ்சின் பெல்ட்ல... எத்தன விரலு?

பிப்ரவரிலயா. நாலு விரலும்... எனக்கு எப்படிக்கா தெரியும்? அவன் சொல்லல. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. வாய்ஸ் மெசேஜா? அதுலயா சொல்லியிருப்பான்? இருக்கும். இருக்கலாம். எழுதியிருக்கலாம்ல? ரெண்டு வரி எழுதினா வாசிச்சிருப்பேன்ல?

அப்ப அவங்க அப்பாவுக்குப் பதிலா இவன் கடலுக்குப் போறான். காலைல போனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தான் கரைக்கு வருவான். அங்க டவர் கிடையாது. சரி. நான் முப்பது தடவ கூப்பிட்டேனே, கரைக்கு வந்து பாத்திருப்பான்ல? ஏன் திரும்பக் கூப்பிடல?

டீடெயின்னா? யாரு? ஜெனிஸ்டனையா? அட்டெண்டன்ஸ் கொறைவுன்னு நிப்பாட்டிட்டாங்களா? பரீட்சையே எழுதக் கூடாதுன்னா? இல்லக்கா, அப்படி நிப்பாட்ட முடியாது. அப்பாவுக்கு அடிபட்டா லீவுக்கு எழுதிக் குடுக்கலாம். அதுக்கு வழி இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் வச்சா...

கேட்டானா. சார்ட்ட மெயில்ல கேட்டானா.

அவருட்ட இருந்து பதிலே வரலன்னு தினமும் பாப்பானா.

கொஞ்சம் இருங்க. ஒரு நிமிஷம் இருங்கக்கா. ஃபோன்ல அவன் மெயில் எனக்கு வரும். நான் அந்த மூலையத் தொறந்து பாத்ததே இல்ல. எதுக்குப் பாக்கணும், அது தானா ஓடுதே... இந்தா இருக்கு. பிப்ரவரி பதினெட்டு, சார் எழுதியிருக்காரு. "உன் தந்தைக்கு விபத்து என்று அறிந்து வருந்துகிறேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் மருத்துவச் சான்று அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்." அதுக்குக் கீழ... நாப்பது நிமிஷம் கழிச்சு...

"எஸ் சார்!! ஒர்க் கோயிங் ஆன் வெல் சார்!!"

அடுத்தது. "சான்று எங்கே? தேதி முடிந்துவிட்டது." "மண்டே முடிச்சிருவேன் சார்!!" அடுத்தது. "விளையாடுகிறாயா? உன் தந்தைக்கு அடிபட்டது உண்மையா, பொய்யா?" "நோ பிராப்ளம் சார்!!"

வேணாம், வாசிக்கல இனிமே.

நான் வேணும்னு செய்யல. நீங்க அப்படிப் பாக்காதீங்க. அவரு வாரத்துக்கு ஒரு தடவ "எந்த அளவுல இருக்கு"ன்னு தான் கேப்பாரு. அதுக்குத்தான் எழுதினேன். இப்படிக் கேப்பாருன்னு யாரு கண்டா? சாருக்கும் அறிவு வேண்டாமா? அப்பா கை போச்சுன்னு சொன்ன பையன் நோ பிராப்ளம்னு பதில் போடுவானான்னு யோசிக்க வேண்டாமா? ஒரு ஃபோனப் போட்டுக் கேட்டா என்ன? எல்லாரும் என்னையே... இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. நான் தான் பேசுதேன்.

அன்னைக்கு சார் ரூம்ல என்ன நடந்துச்சு? நீங்க நின்னீங்கல்ல. ஒண்ணு விடாமச் சொல்லுங்க.

கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாரா. "இதெல்லாம் நீ போட்டது தானே"ன்னு கேட்டாரா. ஜெனிஸ்டன் வாசிச்சானா. எவ்வளவு நேரம் வாசிச்சான்? சிரிச்சானா?

அப்புறம்?

"ஆமா சார், நான் தான் போட்டேன்"னானா.

அவனுக்குத் தெரியும்கா. வாசிச்ச உடனே தெரிஞ்சிருக்கும். பாஸ்வேர்ட் என்கிட்ட மட்டும் தான் இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் படியில நின்னு நிமிந்து பாத்தான். ஏன் சொல்லல? என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம்ல? பேரச் சொல்லியிருந்தா சார் என்ன அப்பவே கூப்பிட்டிருப்பாரு, நான் சண்ட போட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். இப்படி வாய மூடிக்கிட்டு கடலுக்குப் போனா எதிர்ல இருக்கிறவ என்ன செய்வா? சொல்லுங்க. என்ன செய்வா?

நான் சார்ட்ட பேசுதேன். இப்பவே. திசையன்விளை தாண்டினா டவர் கிடைக்காதாமே. இருங்க.

சார், வணக்கம் சார், செண்பகவல்லி. சார், ஜெனிஸ்டன் மெயில்... சார் கொஞ்சம் கேளுங்க. அத அவன் போடல சார். நான் போட்டேன். நான்னா நான் இல்ல, நான் எழுதின புரோகிராம். இல்ல சார், கதை இல்ல. பஸ்ல இருக்கேன். இல்ல, அவன் சொல்லச் சொல்லல. அவனுக்கு நான் பேசுறதே தெரியாது. உங்க முன்னாடி ஒத்துக்கிட்டான் தான், ஆனா அது பொய் சார். எனக்காகச் சொன்ன பொய். ஏன்னா எனக்கு எப்படி சார் தெரியும்? சரி சார். சரி. வேண்டாம் சார், மெயில் போடாதீங்க சார், மெயில் போட்டா அது... சார்? சார்!

வச்சிட்டாரு.

என்ன சொன்னாரா? அவனுக்காக நான் இட்டுக்கட்டிப் பேசுதேனாம். பார்ட்னருக்கு டிகிரி போயிருச்சுன்னு கடைசி நேரத்துல நாடகமாம். "பார்ட்னர் டீடெயின் ஆயிட்டான்னு நான் எக்ஸ்டர்னல்ட்ட சொல்லிக்கிடுதேன், சர்வரக் கேக்க மாட்டாரு, நாளைக்கு நீ உன் பகுதிய மட்டும் காட்டு, பாஸாயிருவ, இந்தப் பேச்ச இதோட விட்டுரு. நீ சொல்லுறது நெசம்னா நாளைக்கு நீ வைவாவுக்கே வர முடியாது, யோசிச்சுக்கோ"ங்காரு.

அப்ப நான் வந்த காரியம் முடிஞ்சு போச்சு. சர்வரே வேண்டாமாம்.

டீடெயின் லிஸ்ட் இன்னைக்கு அஞ்சு மணிக்கு யுனிவர்சிட்டிக்குப் போகுதாம். போச்சுன்னா அவனுக்கு ஒரு வருஷம் போச்சு. "அவன்ட்டயே மெயில்ல கேக்கேன், அவனே 'நான் போடல'ன்னு எழுதினா பிரின்ஸிபால்ட்ட பேசுதேன்"ங்காரு. அந்தா, கேட்டுட்டாரு. ஒண்ணு அம்பத்திரண்டுக்கு மெயில் வந்திருச்சு. "இதற்கு முன் வந்த பதில்களை எழுதியது நீயா, செண்பகவல்லியா? உண்மையைச் சொல்."

ரெண்டு முப்பத்திரண்டுக்கு அது பதில் சொல்லிரும்கா.

நிப்பாட்டத் தெரியாதாவா? நான் எழுதினது எனக்குத் தெரியாதா? அது என் லேப்டாப்ல ஓடுது. லேப்டாப்பு ஹாஸ்டல் ரூம்ல இருக்கு. ரூமுச் சாவி இந்தா, என் பையில. ஹாஸ்டல் கரண்ட நிப்பாட்டச் சொன்னாலும் பேட்டரில ஓடும். மெயில அழிச்சாலும் நிக்காது, வந்த நிமிஷமே எண்ண ஆரம்பிச்சிரும், அப்படி எழுதினதும் நான் தான். பாஸ்வேர்ட மாத்தலாம். மாத்தணும்னா அவன் ஃபோனுக்கு ஒரு நம்பர் போகும், அதச் சொல்லணும். அவன் ஃபோன் கடல்ல.

நானே அவன் பேர்ல "நான் போடல சார்"னு எழுதிரவா? முப்பது செகண்டு வேலை. அவன மாதிரி எழுத என்னவிட எவளுக்குத் தெரியும்... வேணாமா? ஆமா. நான் ஒண்ணு எழுதுவேன், பின்னாலயே அது ஒண்ணு எழுதும். ரெண்டும் அவன் பேர்ல. அப்புறம் அவனே நேர்ல போயி நின்னாலும் நம்ப மாட்டாங்க.

டிரைவரு எங்க எறங்கிப் போறாரு? டீக்கா? இப்பவா? அண்ணே! அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே! பாருங்க திரும்பிக்கூடப் பாக்கல. சார்ட்ட திரும்ப அடிச்சா எடுக்க மாட்டேங்காரு. இனி என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டாரு, அவ்ளோ சண்ட போட்டிருக்கேன். உங்க ஃபோனத் தாங்க... இதுவும் போகலையே. பிஸி.

அக்கா, ஒண்ணு செய்யுங்க. போனதும் அவன்ட்ட எப்படிப் பேசணும்னு நான் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன். நீங்க ஜெனிஸ்டனா இருங்க. சும்மா, பஸ் எடுக்கிற வரைக்கும். அவன் எடுத்த எடுப்புலயே கத்துவான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த"ம்பான். அப்ப நான், "நீ அந்த ரூம்ல ஏன் பொய் சொன்ன, அத முதல்ல சொல்லு"ம்பேன். அவன், "உன் வேலை போயிரக் கூடாதுன்னு"ம்பான். நான்... சரி, நீங்க ஆரம்பிங்க. நான் இப்ப வாசல்ல வந்து நிக்கேன். நீங்க தான் அவன். என்ன சொல்லுதீங்க?

"வா, சாப்டியா"வா?

இல்லக்கா, விளையாடாதீங்க. அப்படிக் கேக்க மாட்டான். கோவமா இருப்பான். திரும்பச் சொல்லுங்க, நல்லாக் கோவமா.

அவன் அதத்தான் கேப்பானா. வாசலுக்கு எவன் வந்தாலும் அதத்தான் முதல்ல கேப்பானா. எனக்கு அவன நாலு வருஷமாத் தெரியும்கா.

கேட்டா நான் என்ன சொல்ல? அதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லையே. கத்தினா நானும் கத்துவேன், அது எனக்கு வரும். சாப்டியான்னு கேட்டா என்னக்கா சொல்லுறது...

இல்ல. சாப்பிடல. காலைல இருந்து சாப்பிடல. வேணாம், இட்லி வேணாம், எனக்கு இறங்காது. கண்ணுல தூசிக்கா. காத்து அடிக்குதுல்ல.

டிரைவரு பஸ்ஸ எடுத்துட்டாரு. மணி ரெண்டு பத்து. எவ்வளவு நேரம் ஆகும்? இருபத்தஞ்சு நிமிஷமா? மூணு நிமிஷம் இடிக்கும். இந்த வளைவுல இவ்வளவு மெதுவாவா போவாங்க? சைக்கிள் போகுதுக்கா நம்மளத் தாண்டி. அண்ணே, ஆள் இல்லாத ஸ்டாப்புல எதுக்குண்ணே நிப்பாட்டுதீங்க?

டவர் போயிருச்சு.

மணி ரெண்டு இருபத்தெட்டு. அந்தா தெரியுறது கோயில் கோபுரமா? அதுக்குப் பக்கத்துலயா வீடு? ரெண்டு முப்பது. ஒரே ஒரு நிமிஷம் தாங்கா வேணும், அவன் ஃபோன வாங்கி... முப்பத்தொண்ணு. நகருங்கண்ணே கொஞ்சம். துண்டு விஷயம் அப்புறம் பேசிக்கிடலாம், நீங்களே உக்காருங்க, வழிய விடுங்க.

முப்பத்திரண்டு.

டவர் வந்திருச்சு.

போயிருச்சுக்கா. பதில் போயிருச்சு. எந்தப் பதில் போயிருக்கும்னு தான் பாக்கேன். ஆறு இருக்கு, அதுல முதல் அஞ்சுல எது போயிருந்தாலும் பரவால்ல, சம்பந்தம் இல்லாம இருக்கேன்னு சாருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். ஆறாவதா ஒண்ணு எழுதி வச்சிருந்தேன். ரிவ்யூ முடிஞ்ச அன்னைக்கு, அவனுக்கு ரெண்டு மார்க் கூடப் போட்ட அன்னைக்கு, ஆத்திரத்துல. என் பேரு அவரு காதுல ஒரு தடவயாவது விழட்டும்னு.

"ஐ ஆம் டூயிங் எவ்ரிதிங் மைசெல்ஃப் சார்!! செண்பகவல்லி இஸ் வெரி குட் கேர்ள் சார்!!"

சிரிக்காதீங்கக்கா. சிரிக்கலையா. நான் தான் சிரிக்கேனா.

சாரும் பதில் போட்டுட்டாரு. "எதிர்பார்த்தது தான். இத்துடன் முடித்துக்கொள்வோம். செண்பகவல்லியை நாளை பத்து மணிக்கு வரச் சொல்." முடிச்சுக்கிட்டாராம். இதுக்கும் அது பதில் போடும் பாருங்க. மூணு பதிமூணுக்கு, ரெண்டு ஆச்சரியக்குறியோட.

கண்டக்டரு என்ன சொல்லுதாரு? இதே பஸ்ஸு பத்து நிமிஷத்துல திரும்புமா? ஏறினா அஞ்சு மணிக்கு ஹாஸ்டல்ல இருப்பேன். நாளைக்குப் பத்து மணிக்கு வைவா. வெரி குட் கேர்ள். யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தான் தெரியும், உங்ககிட்ட வந்து யாரு கேக்கப் போறாங்க?

அக்கா. ஏதாவது திட்டுங்க.

பெட்டிய இப்படிக் குடுங்க, நான் தூக்குதேன். படி உயரமா இருக்கு, பாத்து. அஞ்சு மணிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. அவன் வாயால சார்ட்ட பேசணும், மெயில் இல்ல, வாயால. அவன் ஃபோன்ல இருந்து அடிச்சா சார் எடுப்பாரு. நான் பக்கத்துல நிக்கேன். பேசச் சொல்ல மாட்டேன், என்ன பேசணும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். அவன் ரூம்ல சொன்னதயே திரும்பச் சொன்னா... சொல்லுவானாக்கா? எனக்குத் தெரியல. நெசமா எனக்குத் தெரியல.

படகு வந்திருக்குமா? கரைல இருப்பானா, வீட்ல இருப்பானா?

எந்தப் பக்கம்க்கா?